வெளியே வந்தால்தான் தீட்டு

டாம்பான் போடப் பழகியபோது எனக்கு வயது இருபத்தாறு. அம்மா பழகியபோது அவளுக்கு ஐம்பத்து நான்கு. நான் பழகியது எனக்குத் தெரியும். அம்மா பழகியது, ஐந்து மாதம் கழித்து எங்கள் வீட்டுக் கக்கூஸ் அடைத்துக்கொண்டபோதுதான் தெரிந்தது. அந்த ஐந்து மாதத்தில் அம்மாவின் உயிர் போய்க்கொண்டிருந்தது. நான் கடலில் மிதந்துகொண்டு என் தைரியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

முதலில் என் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். இன்று நினைத்தால் சிரிப்பு வர வேண்டும். வருவதில்லை.

எங்கள் வீடு போர்ட் பிளேயரில், டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில், ஒரு மேட்டுத் தெருவில் இருக்கிறது. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு வீட்டில் அம்மாவும் நானும்தான். சுற்றுலாப் பயணிகளைப் பக்கத்துத் தீவுக்குப் படகில் கூட்டிப்போகும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்குக் கவுண்டர் வேலை. டிக்கெட் எழுதுவது, ஆதார் கார்டைப் பார்ப்பது, படகில் வாந்தி வருமா என்று கேட்பவர்களிடம் வராது என்று பொய் சொல்வது. இரண்டு வருடம் இப்படியே ஓடியது. பிறகு நீச்சல் கற்றுக்கொண்டேன். தீவில் பிறந்தவர்களுக்கெல்லாம் நீச்சல் தெரியும் என்று மெயின்லேண்டுக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் கணுக்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை.

நான் நீச்சல் கற்ற நேரம், முதலாளி ஒரு பெண் கைடைத் தேடிக்கொண்டிருந்தார். முகத்தில் கண்ணாடியும் வாயில் குழாயும் மாட்டிக்கொண்டு, குப்புற மிதந்தபடி அடியிலிருக்கும் பவளப்பாறையையும் மீனையும் பார்ப்பதற்கு ஸ்னார்க்லிங் என்று பெயர். கையைப் பிடித்து இழுத்துப்போக ஓர் ஆள் கூட வர வேண்டும். அந்த ஆள் ஆணாக இருந்தால் பல பெண்களுக்குக் கூச்சம். நான் முன்வந்தேன். முதல் நாள் மதுரைப் பக்கத்து அம்மாள் ஒருவர் என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் தலையை விட்டார். ஒரு நிமிடத்தில் பிடி தளர்ந்தது. தலையைத் தூக்கி, "இவ்வளவு நாளா இதெல்லாம் இங்கயேவா இருந்துச்சு?" என்று கேட்டார். அந்த வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று அன்றே முடிவு செய்தேன்.

மாதத்தில் மூன்று நாள் மட்டும்தான் இடித்தது. அந்த நாட்களில் காய்ச்சல் என்று சொல்லி லீவு போடுவேன். ஒருமுறை சவாலாக நாப்கினோடு இறங்கிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் அது கடலையெல்லாம் குடித்துத் தலையணை மாதிரி ஊதி, உள்ளாடையைக் கீழே இழுத்தது. கையைப் பிடித்திருந்த பயணியை விடவும் முடியாமல், அதைப் பிடிக்கவும் முடியாமல் கரைக்கு வந்து சேர்ந்தேன். அதன் பிறகு மறுபடியும் காய்ச்சல்தான். சீசன் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னால் முதலாளி கூப்பிட்டார். "மாசாமாசம் என்னம்மா காய்ச்சல்? சீசன்ல ஒரு நாளு ஆள் இல்லேன்னாலும் எனக்குப் பிழைப்பு இல்ல. இன்னொரு தடவை வந்தா கவுண்டருக்கே போயிடு" என்றார். அவருக்கும் மனைவி, மகள்கள் உண்டு. தெரியாமல் கேட்டாரா, தெரிந்தே கேட்டாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

படகில் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடும் வேலையில் ஒரு வங்காளிப் பெண் இருந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். எல்லோரும் தீதி, அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். அவர்தான் ஒரு நாள் தன் பையிலிருந்து ஒரு டாம்பானை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் அளவு, இறுக்கிச் சுருட்டிய பஞ்சு, பின்னால் ஒரு நூல். உள்ளே வைத்தால் ரத்தத்தை அங்கேயே உறிஞ்சிக்கொள்ளுமாம். அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் பயந்து கையை மூடிக்கொண்டேன்.

என்ன பயம் என்று கேட்டால், எல்லாப் பயமும்தான். உள்ளே போய்த் தொலைந்துவிட்டால் யாரிடம் சொல்வது. நூல் அறுந்துவிட்டால் எந்த டாக்டரிடம் போய்ப் படுப்பது. வலிக்குமா. கிழியுமா. கிழிந்தால், நாளைக்குக் கட்டிக்கொள்பவன் என்ன நினைப்பான். கடைசிக் கேள்விக்காக என்மேல் எனக்கே கோபம் வந்தது. அப்படி ஒருவன் கண்ணெதிரே இல்லவே இல்லை. இல்லாதவனுக்குப் பயந்துகொண்டிருந்தேன். பள்ளியில் அந்தப் பாடம் வந்தபோது டீச்சர், "வீட்ல படிச்சுக்கோங்க" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார். வீட்டில் அதற்கு ஒரு பெயர்கூட இல்லை. "அங்க" என்போம். குளிக்கும்போது அம்மா சொல்வது, "அங்க நல்லாக் கழுவு." இருபத்தாறு வருடம் குடியிருந்த வீட்டில் ஓர் அறையை நான் திறந்து பார்த்ததே இல்லை.

மருந்துக்கடைகளில் கேட்டேன். ஒரு கடைக்காரர் காதில் வைக்கும் பஞ்சைக் கொடுத்தார். ஆன்லைனில் போட்டால், எங்கள் பின்கோடைப் பார்த்ததும் அனுப்ப இயலாது என்று வந்தது. தீவுக்காரர்களுக்கு இது பழகிப்போன பதில். கடைசியில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். சென்னையிலிருக்கும் சித்தி மகளிடம் சொன்னேன். அவள் ஆறு பெட்டி வாங்கி, முறுக்கு டின்னின் அடியில் அடுக்கி, மேலே நாலு வரிசை முறுக்கை வைத்து, லீவு முடிந்து திரும்பிக்கொண்டிருந்த எங்கள் தெரு அண்ணன் ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். அவர் டின்னைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்து, "என்னக்கா, டின்னு பெருசா இருக்கு, வெயிட்டே இல்ல?" என்றார்.

மெயின்லேண்டிலிருந்து வரும் பார்சலை அம்மா எனக்காக வைத்திருக்க மாட்டாள். அவளே பிரித்தாள். முறுக்கு தீர்ந்த இடத்தில் பெட்டிகள் வந்தன. நான் மறைக்கவில்லை. வேலைக்கு வேண்டும், தண்ணீரில் இறங்கினால் நாப்கின் நிற்காது, இதுதான் நிற்கும் என்றேன். அம்மா ஒரு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கல்யாணம் ஆவாத பொண்ணு" என்று மட்டும் சொன்னாள். பிறகு முறுக்கை வேறு டப்பாவுக்கு மாற்றினாள்.

அந்த மாதம் தீட்டு வந்த முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டேன். தண்ணீர் டிரம்முக்கும் கதவுக்கும் நடுவே நிற்கத்தான் இடம். பெட்டிக்குள் இருந்த காகிதத்தில், ஒரு பெண் ஒரு காலைத் தூக்கி எதன்மேலோ வைத்திருப்பதுபோலப் படம் போட்டிருந்தது. நான் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் காலை வைத்தேன். வாளி வழுக்கியது. உட்கார்ந்து பார்த்தேன். நேராக மேலே தள்ளினேன். சுவரில் முட்டியதுபோல நின்றது. இன்னும் தள்ளினேன். கண்ணில் நீர் வந்தது, காதுக்குள் இரைச்சல் கேட்டது, உடம்பெல்லாம் குளிர்ந்து வியர்த்தது. டிரம்மைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு மட்டும் கடவுள் அங்கே வழியே வைக்கவில்லை என்று முடிவுகட்டினேன். பாதி விரிந்துபோன அந்தப் பஞ்சைக் காகிதத்தில் சுற்றி வீசிவிட்டு, வெளியே வந்து அழுதேன்.

தீதிக்குப் போன் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. மேலே தள்ளாதே, பின்னால் தள்ளு, முதுகின் அடி எலும்பைப் பார்த்துத் தள்ளு என்றார். பல்லைக் கடிக்கிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வாயைத் திற என்றார். வாய் இறுகினால் கீழேயும் இறுகும், வாயைத் திறந்து மூச்சை வெளியே விட்டுக்கொண்டே வை. "டரோ மத்" என்றார். பயப்படாதே. மறுபடி குளியலறைக்குள் போய், போனை டிரம்மின் மூடிமேல் வைத்துவிட்டு, புதிதாக ஒன்றைப் பிரித்து, ஊருக்கெல்லாம் கேட்கும்படி வாயால் மூச்சு விட்டேன். போய்விட்டது. உள்ளே ஒன்று இருப்பதே தெரியவில்லை. நூல் மட்டும் வெளியே இருந்தது. அதை நாலு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் கடலில் இறங்கினேன். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா நாளையும்போல அதுவும் ஒரு நாளாக இருந்தது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேள்வி கேட்டாள்.

"வலிக்காதா?"

"மொதல்ல பயம்தான்மா. வலி இல்ல."

"எவ்வளவு நேரம் வச்சிருக்கலாம்?"

"ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம்."

"ஒரு சொட்டுகூட வெளிய வராதா?"

"வராது."

"வாடை?"

"ஒண்ணும் தெரியாது. பக்கத்துல நிக்கிறவங்களுக்குக்கூடத் தெரியாது."

அவள் வெங்காயத்தை உரித்து முடித்தாள். எப்படி வைப்பது என்று நானே வாய் ஓயாமல் சொன்னேன். எந்தப் பக்கம் தள்ள வேண்டும், வாயை எப்படித் திறக்க வேண்டும், நூல் ஏன் வெளியே இருக்க வேண்டும், எல்லாம். காகிதத்திலிருந்த படத்தைக் காட்டினேன். என் அம்மாவோடு இப்படிப் பேசுகிறேனே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் என்னை ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். ஒருவேளை என் வேலையைப் பற்றி அவளுக்கும் பெருமைதானோ என்றுகூட நினைத்தேன். எவ்வளவு முட்டாள் நான்.

இங்கே கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன அம்மன் கோயில் இருக்கிறது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் கட்டியது. அங்கே மடப்பள்ளியில் பொங்கல் வைக்கவும், அம்மனுக்கு மஞ்சள் அரைக்கவும், தீட்டு முழுக்க நின்றுபோன பெண்களைத்தான் விடுவார்கள். கணவன் இருக்கிறானா இல்லையா என்று பார்ப்பதில்லை. தீட்டு இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். அப்பா இறந்த பிறகு கல்யாண வீடுகளில் அம்மாவைப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கு நின்றது. ஒரு வருடம் கழித்து மடப்பள்ளிச் சாவியை அவள் கையில் கொடுத்தார்கள். அதைத் தாலிக்கயிறு இருந்த இடத்தில், ஒரு மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டாள். செவ்வாய், வெள்ளியில் விடிவதற்குள் குளித்துவிட்டுப் போவாள். வரும்போது அவள்மேல் விறகுப் புகையும் நெய்யும் மணக்கும். அந்த நாட்களில் மட்டும் அவள் நடையே வேறு மாதிரி இருக்கும்.

சீசன் ஓடியது. நவம்பர், டிசம்பர், ஜனவரி. ஒரு நாள்கூட எனக்குக் காய்ச்சல் வரவில்லை. அம்மா இளைத்தாள். கோயில் வேலை, விரதம் என்றாள். குளியலறையில் டெட்டால் வாசனை கூடிக்கொண்டே போனது. சுத்தம் என்று நினைத்தேன். இதெல்லாம் கண்ணில் பட்டவைதான். பார்த்தேன், அவ்வளவுதான்.

மார்ச் மாதம், எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரும் நாள். எங்களுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர். நடுவில் எல்லாம் டிரம்மிலிருந்து மொண்டு மொண்டுதான். கக்கூஸுக்கு ஒரு குவளைக்கு மேல் ஊற்ற மனம் வராது. அன்று தண்ணீர் வந்ததும் அம்மா இரண்டு வாளி சேர்த்து ஊற்றியிருக்கிறாள். எல்லாம் மேலே எழும்பி, விளிம்பு வரை வந்து நின்றுவிட்டது. தெலுங்குக்காரர் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் நீளமான கம்பிச் சுருளை உள்ளே விட்டுச் சுழற்றினார். வெளியே இழுத்தபோது கம்பி நுனியில் ஒரு கொத்து வந்தது. ஊதிப்போன பஞ்சுகள், சாம்பல் நிறத்தில், நூல்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு. பத்துக்குக் குறையாது. அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். இதையெல்லாம் இதில் போடக்கூடாது மேடம் என்று இந்தியில் சொன்னார்.

நான் ஒன்றைக்கூட அதில் போட்டதில்லை. ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுவேன்.

அம்மா என் பின்னால் நின்றிருந்தாள். "வயசுப் பொண்ணு. சொன்னா எங்க கேக்குது" என்று அவரிடம் சொன்னாள். சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் போனதும் என் பீரோவைத் திறந்தேன். ஆறு பெட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தேன். மேலே இருந்த இரண்டு நான் தீர்த்தவை. மூன்றாவதில் பாதி இருந்தது. கீழே இருந்த மூன்றும் அப்படியே, மடிப்புக் கலையாமல் இருந்தன. எடுத்தேன். மூன்றும் காற்றுப்போல வந்தன. அடிப்பக்கத்தைப் பிரித்து எடுத்து, மறுபடி பசை தடவி ஒட்டி, இருந்த இடத்திலேயே வைத்திருந்தாள் என் அம்மா.

அவள் கூடத்தில் டிரம்முக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள். நான் காலிப் பெட்டிகளைத் தரையில் வைத்தேன்.

"எப்போலேர்ந்துமா?"

அவள் மூடியை அழுத்திப் பொருத்தினாள்.

"அம்மா. எப்போலேர்ந்து வருது?"

"ஆடி மாசத்துலேர்ந்து" என்றாள். "மொதல்ல துணிதான் வச்சேன். நீ வேலைக்குப் போனப்புறம் அலசி, கட்டிலுக்கடியில காயப்போடுவேன். உன் டப்பா வந்தப்புறம் சுலுவாப் போச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா சாவியைக் குடுக்கச் சொல்லுவாங்க."

"இப்படியே வச்சுக்கிட்டா கோயிலுக்குப் போன? பொங்கல் வச்ச?"

இதைத்தான் நான் கேட்டேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. எனக்குத் தீட்டில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வாயில் முதலில் வந்தது அதுதான்.

அம்மா நிமிர்ந்தாள். அவள் முகத்தில் குற்றவுணர்ச்சி இல்லை. ரொம்ப நாள் யோசித்து வைத்திருந்த பதிலைச் சொல்கிறவளின் முகம் அது.

"வெளிய வந்தாத்தாண்டி தீட்டு. உள்ள ரத்தம் இல்லாத பொம்பள யாரு இருக்கா? உள்ளயே நின்னுட்டா அது தீட்டில்ல. நீதான சொன்ன, ஒரு சொட்டுகூட வெளிய வராதுன்னு."

இதைப் பூசாரியிடம் சொல்லியிருந்தாலும் அவரால் மறுத்திருக்க முடியாது.

நின்ற பிறகு வரக்கூடாதும்மா, அது நோயாக இருக்கும், டாக்டரிடம் போகலாம் என்றேன். அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. சூடு, வயசு, அம்மன் சோதனை என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தாள். கடைசியில், டாக்டர் கையை விட்டுப் பார்ப்பார்கள், அதற்குச் சாகலாம் என்றாள். நான் கத்தினேன். இதை நீயே வைத்துக்கொள்வாய், டாக்டர் பார்த்தால் மட்டும் சாவாயா என்று கேட்டேன். "அது என் கைடி" என்றாள்.

பிறகு அவள் பேரம் பேசினாள். சித்திரையில் கோயில் திருவிழா. அதற்கு இன்னும் ஐந்து வாரம். அது முடியட்டும், நானே சாவியைக் கொடுத்துவிட்டு வருகிறேன், நீ எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன் என்றாள். நான் சரி என்றேன்.

அந்தச் சரியைப் பற்றி எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று தோன்றுகிறது. அவள் கெஞ்சினாள், மனம் இளகியது என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். பாதி உண்மை. மார்ச் மாதம் படகில் தினமும் கூட்டம். முதலாளியிடம் போய் லீவு என்று நிற்க வேண்டியதில்லை என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டும் சரி என்றேன். அது மட்டுமல்ல. மூன்றாவது பெட்டியில் மீதியிருந்ததையும் எடுத்து அவளிடமே கொடுத்தேன்.

திருவிழாவில் அம்மா பெரிய அண்டாவில் பொங்கல் வைத்தாள். பொங்கி வழிந்தபோது எல்லோரும் குலவையிட்டார்கள். அவள் கரண்டியோடு நிமிர்ந்து, கூட்டத்தில் என்னைத் தேடி, என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். முகம் வெளுத்திருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். லேடி டாக்டர், தமிழ் பேசுகிறவர். எத்தனை நாளாக என்று கேட்டார். "ரெண்டு மாசம்" என்றாள் அம்மா. "ஒன்பது மாசம் டாக்டர்" என்றேன் நான். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், நான் அவளைக் காட்டிக்கொடுத்தவள் என்றிருந்தது.

பரிசோதனை மேசையில் ஏறியதும் அவள் கால்களைப் பூட்டிக்கொண்டாள். நர்ஸ் சொல்லியும் தளர்த்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலைமாட்டில் போய் நின்று அவள் தாடையைப் பிடித்தேன். "வாயைத் திறம்மா. மூச்சை வெளிய விடு. பயப்படாத" என்றேன். அவள் வாயைத் திறந்தாள். மூச்சை விட்டாள். முட்டி கொஞ்சம் விலகியது. டாக்டர் குனிந்து பார்த்தார். அதிக நேரம் பார்க்கவில்லை. கையுறையைக் கழற்றியபடி, அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"இவ்வளவு நாள் எப்படிம்மா சமாளிச்சீங்க? யாருக்குமே தெரியலையா?"

அம்மா படுத்தபடியே என் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

"என் பொண்ணுதான் சொல்லிக்குடுத்தா" என்றாள். "மொதல்லதான் பயமா இருந்துச்சு. அப்புறம் பயமே இல்ல."

அதைப் பெருமையாகத்தான் சொன்னாள்.

கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். சுற்றியும் பரவியிருந்தது. மெயின்லேண்டு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். கிளம்புவதற்கு முன்னால் சாவியை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். "கிட்னில கல்லுன்னு சொல்லு. கர்ப்பப்பைன்னு வாயைத் திறக்காத" என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். கல் என்று சொன்னேன். அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று விபூதியும் மஞ்சளும் கொடுத்தார்கள். சென்னையில் எட்டு மாதம். ரேடியேஷனுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அவள் வாயைத் திறந்து மூச்சு விடுவாள், நான் பக்கத்தில் இல்லாவிட்டாலும். அங்கிருந்த நர்ஸ் சொன்னார். பொங்கலுக்கு மறுநாள் இறந்தாள். சாவி இல்லாத அந்த மஞ்சள் கயிறு கழுத்தில் கிடந்தது.

அந்த ஐந்து வாரம் எதையும் மாற்றியிருக்காது என்று அங்கிருந்த பெரிய டாக்டர் சொன்னார். ஒன்பது மாதம் மாற்றியிருக்குமா என்று கேட்டேன். அவர் ஃபைலைப் புரட்டினார்.

திரும்பி வந்து வேலையில் சேர்ந்தேன். இப்போது பயமில்லை. பல் தேய்ப்பதுபோல அது ஒரு வேலை, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு தரமும் மூச்சை வெளியே விடும்போது ஆஸ்பத்திரி மேசை ஞாபகம் வருகிறது.

இந்தச் சீசனுக்குப் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். ஷாதிபூரில் வீடு, இருபத்திரண்டு வயது. தண்ணீரில் நன்றாக இருக்கிறாள். போன வாரம் தலையைக் குனிந்துகொண்டு வந்து, காய்ச்சல் என்று சொல்லி லீவு கேட்கலாமா அக்கா என்றாள். நான் பையிலிருந்து ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கு என் குளியலறை நினைவு வந்தது. எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். பின்னால் தள்ள வேண்டும். வாயைத் திறக்க வேண்டும். நூல் வெளியே இருக்க வேண்டும்.

சொல்லி முடித்துவிட்டுக் கேட்டேன், "வீட்ல அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்கக்கா."

"நின்னுடுச்சா அவங்களுக்கு?"

அவள் விழித்தாள். "நின்னு மூணு வருஷம் இருக்கும். ஏன்க்கா?"

"மறுபடி வருதான்னு கேளு. ஒரு துளி பட்டாலும் உங்கிட்ட சொல்லச் சொல்லு. வரலன்னு சொன்னா, ரெண்டாவது தடவையும் கேளு."

கையிலிருந்த பஞ்சையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அதுக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"இருக்கு" என்றேன். "இன்னைக்கே கேளு."